உயர்பீடபூமியில் ஓர் இரவுப் பஸ் பிரயாணம்

முதுகில் ஒரு மூட்டையைச் சுமந்துகொண்டு, குறைந்த செலவில் அயல் நாடுகளைச் சுற்றிப் பார்ப்போர் இரவு நேரப் பஸ்ஸையே பெரிதும் விரும்புகின்றனர். விடுதி வாடகை மிஞ்சும், பகற்பொழுதும் வீணாகாது. சமவெளியில் இந்தக் கணக்குச் சரியாக வரலாம். தென் அமெரிக்காவிலுள்ள பொலிவியா நாட்டில், லா பாஸ் நகரிலிருந்து உயுனிக்குச் செல்வதானால் வேறொரு கணக்கையும் சேர்த்துப் பார்த்தல் வேண்டும். அதனை நாம் பட்டே அறிந்தோம்.

லா பாஸ் கடல் மட்டத்துக்கு மேல் ஏறக்குறைய 3,600 மீட்டர் உயரத்தில் உள்ளது. நம் லடாக்கின் லே நகரைக் காட்டிலும் சற்று அதிகம். இரவில் புறப்படும் பஸ் முதலில் எல் ஆல்ட்டோ நகருக்கு ஏறுகிறது. அது 4,000 மீட்டருக்கும் மேல். பின்னர் ஒருரோ வழியாக, ஆல்ட்டிப்பிளானோ எனப்படும் உயர்பீடபூமியில் தெற்கு நோக்கி ஓடி, சுமார் பத்து மணி நேரத்தில் உயுனியை அடைகிறது. அங்கே 10,000 சதுர கிலோமீட்டருக்கு மேல் பரந்து கிடக்கும் உப்புவெளியைக் காணவே இத்தனை பாடும்.

ஜூலை மாதம் அங்கே குளிர்காலம். அடர்த்தியும் ஈரமும் குறைந்த காற்று, பகலில் நிலம் பெற்ற வெப்பத்தை இரவில் காத்து வைப்பதில்லை. உஷ்ணம் பூஜ்யத்துக்குக் கீழே பத்து டிகிரி வரை இறங்குவது புதுமையன்று. பிரயாணிகள் விட்ட மூச்சே ஜன்னற் கண்ணாடியின் உட்புறத்தில் பனிப்படலமாக உறைந்தது. வண்டியில் வெப்பமூட்டும் சாதனம் உண்டு என்று டிக்கட் விற்றவர் சொல்லியிருந்தார். உண்டுதான், வேலை செய்யவில்லை. நம் கம்பளிகளோ மூட்டையோடு வண்டியின் அடியறையில் பூட்டப்பட்டிருந்தன. கம்பளியைக் கையோடு வைத்துக்கொள்ள வேண்டும் என்பதை நேயர்கள் நம்மைப் போலன்றி முன்னரே தெரிந்துகொள்ளலாம்.

குளிர் பெரிதன்று, மூச்சே பெரிது. நாமும் நண்பர் ஒருவரும் தாழ்நிலத்து நகரமாகிய சாந்தா குரூஸிலிருந்து விமானத்தில் வந்து ஒரே நாள்தான் ஆகியிருந்தது. நண்பர் ஒரு தூக்க மாத்திரையை விழுங்கிவிட்டுக் கண்ணயர்ந்தார். நள்ளிரவில் அவர் மூச்சு நின்றது. கைக்கடிகாரத்தைப் பார்த்து எண்ணினோம், பத்து விநாடி. பிறகு திணறலோடு நாலைந்து பெருமூச்சுகள், மீண்டும் நிசப்தம்.

இதன் காரணம் யாதெனில், அவ்வுயரத்தில் ஒவ்வொரு மூச்சிலும் கிட்டும் பிராணவாயு கடற்கரையில் கிட்டுவதில் மூன்றில் இரண்டு பங்குக்கும் குறைவு. ஆகவே உடல் விரைந்து சுவாசிக்கிறது. அதனால் இரத்தத்திலுள்ள கரியமில வாயு மிகுதியாக வெளியேறிவிடுகிறது. உறக்கத்தில் மூச்சைத் தூண்டுவது பெரும்பாலும் அவ்வாயுவே. அது குறைந்ததும் மூளை சற்று ஓய்ந்துவிடுகிறது. வாயு மீண்டும் சேர்ந்ததும் மூச்சும் மீள்கிறது. பெரும்பாலும் இஃது அபாயமற்றது. கடுந்தலைவலி, ஓயாத வாந்தி, தள்ளாட்டம், ஓய்வாக இருக்கும்போதும் மூச்சுத்திணறல் ஆகியவையே அபாயக் குறிகள். அவை கண்டால் உடனே கீழே இறங்க வேண்டும். ஆனால் அந்தப் பீடபூமியில் இறங்குவது எங்கே? முன்னே உயுனியும் பின்னே ஒருரோவும் ஏறக்குறைய ஒரே உயரம்! லா பாஸிலேயே மூன்று நாள் தங்கி உடலைப் பழக்கியிருக்க வேண்டும். தூக்க மருந்தையும் மதுவையும் தொட்டிருக்கலாகாது. இவை யாவும் அப்போதுதான் நினைவுக்கு வந்தன.

பக்கத்து இருக்கையில் வட்டத் தொப்பியும் பல அடுக்குப் பாவாடையும் அணிந்த அய்மாரா மூதாட்டி ஒருவர் நம் தவிப்பைக் கண்டார். தம் கம்பளத்தின் ஒரு பாதியை நண்பர் மீது போர்த்தி, நம் கையில் கொக்கா இலைகள் சிலவற்றை வைத்தார். அவ்விலையை மெல்லுவது அந்நாட்டில் சட்டப்படி குற்றமன்று. ஆயினும் சர்க்கார் உத்தியோகத்தில் உள்ளவர்க்கு இயல்பான தயக்கத்தோடு, கும்பிட்டுத் திருப்பிக் கொடுத்தோம். அவர் சிரித்தார்.

விடியும் வரை எண்ணிக்கொண்டே இருந்தோம். உயுனியில் வண்டி நின்றதும் நண்பர் கண்விழித்து, “நல்ல உறக்கம். தாங்கள் ஏன் இப்படி வாடியிருக்கிறீர்கள்?” என்றார்.