தெருவில் ஒலித்த அக்களிப்பு: இரட்சணிய சேனையின் பித்தளை வாத்தியக் குழுக்கள் (1878–1892)

ஆய்வுச் சுருக்கம்

பித்தளை வாத்தியக் குழுவின் இசை கிறித்தவ மகிழ்ச்சியின் வெளிப்பாடாகப் பொதுவாகக் கருதப்படுகிறது. இரட்சணிய சேனையில் அவ்விசை ஆலயத்திற்குள் பிறக்கவில்லை. தாக்குதலுக்கு உள்ளான தெருப் பிரசங்கத்தின் நடுவே பிறந்தது. 1878 முதல் 1892 வரை இங்கிலாந்தில் நிகழ்ந்தவற்றை முதன்மைச் சான்றாகக் கொண்டு, இவ்விசையில் பாதுகாப்பு, மகிழ்ச்சி, பொதுவெளி உரிமை ஆகிய மூன்றும் பிரிக்க இயலாதவாறு இணைந்திருந்ததை இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: பித்தளை வாத்தியம், இரட்சணிய சேனை, அக்களிப்பு, ஊர்வலம், பொதுவெளி, தொழிலாளர் பண்பாடு.

முன்னுரை

கிறித்தவ இசை குறித்த தமிழ் ஆய்வுகளில் பாடலின் சொல்லும் பொருளும் பெறும் கவனத்தைக் கருவியிசை பெறுவதில்லை. சொல்லற்ற இசை நம்பிக்கையை எவ்வாறு அறிவிக்கும் என்ற ஐயம் இதற்கு ஒரு காரணமாகலாம். இவ்வையத்திற்கு விடை தேட, வில்லியம் பூத் 1865-இல் கிழக்கு லண்டனில் தொடங்கி, 1878-இல் இரட்சணிய சேனை என்று பெயர் பெற்ற இயக்கம் தக்க களமாக அமைகிறது.

1. வேத மரபில் எக்காளம்

எண்ணாகமம் 10ஆம் அதிகாரம் இரண்டு வெள்ளிப் பூரிகைகளைப் பற்றிக் கூறுகிறது. பகைவரோடு போருக்குப் புறப்படுகையிலும் அவை ஊதப்பட வேண்டும். மகிழ்ச்சியின் நாளிலும் பண்டிகைகளிலும் ஊதப்பட வேண்டும். எபிரேய மொழியில் ‘தெரூஆ’ என்னும் ஒரே சொல் போர் முழக்கத்தையும் மகிழ்ச்சி ஆரவாரத்தையும் குறிக்கிறது. தமிழ் விவிலிய வழக்கில் ‘கெம்பீரம்’ என்ற சொல்லிலும் வலிமை, களிப்பு என்னும் இரு சாயல்களும் உண்டு. ஆபத்தும் ஆனந்தமும் ஒரே கருவியில் ஒலிக்கும் இம்மரபு, படை அமைப்பையே தன் வடிவமாக ஏற்ற ஓர் இயக்கத்திற்கு இயல்பாகப் பொருந்தியது.

2. கருவியும் தொழிலாளரும்

வேத மரபு மட்டும் ஒரு வாத்தியக் குழுவை உருவாக்கிவிடாது. கருவியும் அதனை வாசிப்போரும் வேண்டும். 1840களில் அடால்ஃப் சாக்ஸ் வடிவமைத்த வால்வுக் கருவிகள் பிரிட்டனில் பரவின. ஆலைகளிலும் சுரங்க ஊர்களிலும் தொழிலாளர் குழுக்கள் தோன்றின. 1853-இல் மான்செஸ்டரின் பெல் வியூவில் அவற்றிற்கான போட்டி தொடங்கியது.

இக்குழுக்களின் அமைப்பு எளியோருக்கு ஏற்றதாக இருந்தது. கார்னெட் முதல் டியூபா வரை ஏறத்தாழ எல்லாக் கருவிகளுக்கும் ஒரே வகைக் குறியீட்டில் இசை எழுதப்பட்டது. எனவே ஒரு கருவியில் விரல் பயின்றவர் மற்றொன்றிற்கு எளிதில் மாற முடிந்தது. ஒருவர் வராத நாளில் அவரிடத்தை இன்னொருவர் நிரப்பலாம். ஆலயத்தின் ஆர்கனைத் தெருவிற்குக் கொண்டுசெல்ல இயலாது. பித்தளைக் கருவியையோ நடந்துகொண்டே வாசிக்கலாம். அதன் ஒலி கூச்சலை ஊடுருவிச் செல்லும்.

3. சால்ஸ்பரியில் தொடக்கம்

1878-இல் சால்ஸ்பரி நகரில் சேனையின் தெருப் பிரசங்கிகள் முரடர்களின் தொல்லைக்கு ஆளாயினர். அந்நகரின் கட்டுமானத் தொழில் செய்த சார்லஸ் ஃபிரை, தம் மூன்று மகன்களுடன் அவர்களுக்குத் துணை நின்றார். பித்தளைக் கருவிகளை வாசிக்கக் கற்றிருந்த அந்நால்வரும் கருவிகளையும் உடன் கொண்டுவந்தனர். கூட்டத்தைக் காப்பதற்காக வந்தவர்களின் இசை கூட்டத்தை ஈர்ப்பதாகவும் அமைந்தது. 1879-இன் இறுதியில் இரும்புத் தொழில் நகரமான கான்செட்டில் உள்ளூர்ச் சபையினரே குழு ஒன்றை அமைத்தனர். 1880-இல் நாடெங்கும் குழுக்களை அமைக்குமாறு பூத் அழைப்பு விடுத்தார்.

இசைக்கான மெட்டுகள் பெரும்பாலும் மக்கள் ஏற்கெனவே அறிந்தவை. ‘ஷாம்பெயின் சார்லி’ என்ற கேளிக்கை அரங்கப் பாடலின் மெட்டிற்குப் பக்திப் பாடல் இயற்றப்பட்டது. மதுக்கடையில் கேட்டுப் பழகிய மெட்டு தெருவில் ஒலித்தபோது, வழிப்போக்கர் அதனை அந்நியமாக உணரவில்லை. குடியை விட்டவன் தன் பழைய மெட்டையும் விட வேண்டியதில்லை. அவனைப் போலவே அதுவும் மீட்கப்பட்டது என்ற கருத்தை, சொல்லின்றியே கருவியிசை உணர்த்தியது.

4. தெருவும் சட்டமும்

இவ்விசைக்கு எதிர்ப்பும் கடுமையாக எழுந்தது. மதுக்கடைக்காரர் சிலரின் ஆதரவுடன் ‘எலும்புக்கூட்டுச் சேனை’ என்ற பெயரில் கும்பல்கள் திரண்டு ஊர்வலங்களைத் தாக்கின. 1882ஆம் ஆண்டில் மட்டும் 669 பேர் தாக்கப்பட்டதாகச் சேனையின் கணக்கு கூறுகிறது.

அதே ஆண்டில் வெஸ்டன்-சூப்பர்-மேர் நகரில் ஊர்வலம் சென்றவர்களை, சட்டவிரோதமாகக் கூடியவர்கள் எனக் கருதிய நீதிபதிகள் அமைதி காக்குமாறு பிணையில் கட்டுப்படுத்தினர். பீட்டி எதிர் கில்பேங்ஸ் என்ற அவ்வழக்கின் மேல்முறையீட்டில் குவீன்ஸ் பெஞ்ச் நீதிமன்றம் அவ்வாணையை நீக்கியது. பிறர் சட்டத்தை மீறுவர் என்பதற்காக ஒருவரது சட்டப்படியான செயல் குற்றமாகாது என்பதே தீர்ப்பின் சாரம்.

ஈஸ்ட்போர்னில் எதிர்ப்பு சட்டத்தின் வடிவிலேயே வந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் இசையுடன் ஊர்வலம் செல்வதை 1885ஆம் ஆண்டின் உள்ளூர்ச் சட்டம் தடுத்தது. 1891-இல் அத்தடையை மீறி வாசித்தோர் வழக்குகளையும் தாக்குதல்களையும் சந்தித்தனர். 1892-இல் நாடாளுமன்றம் அத்தடைப் பிரிவை நீக்கியது.

இச்சிக்கல் இங்கிலாந்தோடு நிற்கவில்லை. 1882 செப்டம்பரில் ஃபிரெடரிக் டக்கர் தலைமையில் நால்வர் பம்பாயில் வந்திறங்கிப் பணியைத் தொடங்கினர். இசையுடன் தெருவில் ஊர்வலம் செல்வதற்குக் காவல்துறை தடை விதித்தது. அதை மீறியமைக்காக டக்கர் சிறைத்தண்டனையும் பெற்றார். ஆலயத்திற்குள் அமைதியாக வழிபடுவதை ஆட்சி தடுக்கவில்லை. தெருவில் ஒலித்த மகிழ்ச்சியே அதற்குச் சிக்கலாக இருந்தது.

5. மகிழ்ச்சியின் ஒழுங்கு

இம்மகிழ்ச்சி கட்டற்றதன்று. வாசிப்போர் சேனையின் உறுப்பினராகவும் மதுவை விலக்கியவராகவும் இருத்தல் வேண்டும். அவர்களுக்கு ஊதியம் இல்லை. தொழிலாளர் குழுக்களின் வாழ்வில் முதன்மை பெற்ற போட்டிகளிலிருந்து சேனையின் குழுக்கள் விலகி நின்றன. சேனை வெளியிட்ட இசையையே அவை நெடுங்காலம் வாசித்தன. பிற்காலத்தில் எரிக் பால் போன்ற இசையமைப்பாளர்கள் உருவாகும் அளவிற்குக் கலைத்திறன் வளர்ந்தபோதும், இசை நற்செய்திக்குரியது என்ற எல்லை வலியுறுத்தப்பட்டது.

அவ்வொழுங்கின் ஆழம் இறப்பில் வெளிப்படுகிறது. சேனையின் வழக்கில் இறந்தவர் ‘மகிமைக்கு உயர்த்தப்பட்டவர்’ எனப்படுவார். அடக்கத்தின்போது கொடியில் வெண்ணிற நாடா கட்டும் வழக்கமும் உண்டு. துயரில் இருக்கும் குடும்பத்தின் முன்னே அதே வாத்தியங்கள் நம்பிக்கையின் மெட்டுகளை இசைக்கின்றன. இங்கு மகிழ்ச்சி மனநிலையின் விளைவன்று. துயரின் நடுவே அறிக்கையிடப்படும் நம்பிக்கை.

முடிவுரை

சால்ஸ்பரியில் பாதுகாப்பிற்காக எடுக்கப்பட்ட கருவி அக்களிப்பின் குரலாயிற்று. அக்குரல் தெருவைக் கோரியதால் வழக்குகளைச் சந்தித்தது. வழக்குகளின் வழியே பொதுவெளியில் கூடும் உரிமை தெளிவு பெற்றது. எனவே இவ்விசையின் பொருளை மெட்டில் மட்டும் தேடுவது போதாது. அது எங்கு ஒலித்தது, யார் வாசித்தனர், யார் தடுத்தனர் என்பனவும் அதன் பொருளில் அடங்கும். தமிழகக் கிறித்தவ ஊர்வலங்களிலும் அடக்க ஆராதனைகளிலும் ஒலிக்கும் பேண்டு வாத்தியங்களை ஆராய்வோர், பாடல் வரிகளோடு இக்கேள்விகளையும் எழுப்பினால், ஏட்டில் பதிவாகாத ஒரு நம்பிக்கை வரலாறு புலப்படும்.