பாலை அரணும் கூட்டுப்படைத் தாக்குதலும்: நிபெய்வா முகாமை (1940) முன்வைத்து ஒரு விளக்கம்

படை என்றதும் தமிழ் மாணவர்க்கு முதலில் நினைவில் எழுவது தேர், யானை, குதிரை, காலாள் என்னும் நால்வகைப் பகுப்பேயாகும். இருபதாம் நூற்றாண்டுப் போரியலில் காலாட்படை, டாங்கிப்படை, பீரங்கிப்படை, பொறியாளர் படை, வான்படை ஆகியன இணைந்து நிகழ்த்தும் தாக்குதலைக் 'கூட்டுப்படைத் தாக்குதல்' என நாம் மொழிபெயர்த்துத் தரும்போது, அதனையும் அப்பழைய பகுப்பின் புதிய வடிவமாகவே அவர்கள் கொண்டுவிடுகின்றனர். இவ்விரண்டும் ஒன்றல்ல என்பது நம் கருத்து. நால்வகைப் படை என்பது வேந்தனிடம் உள்ளவற்றை எண்ணிக் கூறும் தொகை. கூட்டுப்படை என்பதோ ஓர் உறவு. ஒரு படையின் குறையை மற்றொரு படை எப்பொழுது, எவ்விடத்தில் ஈடுசெய்கின்றது என்பதைப் பொறுத்தே அது நிற்கும் அல்லது வீழும். 1940ஆம் ஆண்டு டிசம்பர் 9ஆம் நாள் எகிப்தின் மேற்குப் பாலைவனத்தில், நிபெய்வா என்னும் அரண்சூழ் முகாமின்மீது நிகழ்ந்த தாக்குதலைக் கொண்டு இதனை விளக்க முற்படுகிறோம். தாக்கியது நான்காம் இந்தியப் பிரிவு ஆதலின், இந்தியவியல் துறையினர்க்கு இது முற்றிலும் அயலான செய்தி அன்று.

பாலை நிலத்தில் அரண் எதற்கு என்னும் வினா எழலாம். திருக்குறளின் அரண் அதிகாரம் நீர், மலை, காடு ஆகியவற்றோடு மண்ணையும் அரணின் உறுப்பாக வைக்கின்றது. அம்மண்ணைப் பரிமேலழகர் வெள்ளிடை நிலம் எனக் கொள்வார். கௌடிலியரின் அருத்தசாத்திரமோ பாலை அரணைத் தனியொரு வகையாகவே எண்ணுகின்றது. மறைவற்ற வெட்டவெளியும் ஒரு மதிலே என்பது இவற்றின் உட்கிடை எனலாம். இயந்திரத் துப்பாக்கி வந்தபின் அம்மதில் முன்னினும் கொடியதாயிற்று. வெட்டவெளியில் நடந்துவரும் காலாட்படை, அகழியிலிருக்கும் பகைவனை நெருங்கும் முன்னரே மாய்ந்துபோகும். டாங்கி குண்டுகளைத் தாங்கும். ஆயினும் கண்ணிவெடியைத் தாங்காது, அகழிக்குள் இறங்கி ஆளைப் பிடிக்கவும் இயலாது. பீரங்கி, தான் சுடும் நேரம்வரை மட்டுமே பகைவனைத் தலைகுனிய வைக்கும். அது ஓய்ந்த நொடிக்கும் தாக்குவோர் அகழியை அடையும் நொடிக்கும் இடைப்பட்ட சில நிமிடங்களே இத்தகைய போரின் முழுச் சிக்கலுமாகும்.

1940 செப்டம்பரில் எகிப்துக்குள் புகுந்த இத்தாலியப் பத்தாம் படை, சிடி பரானி வரை வந்து நின்றது. கடற்கரையிலுள்ள மக்திலா தொடங்கித் தெற்கே தும்மார், நிபெய்வா எனவும், தென்மேற்கே ரபியா, சோபாபி எனவும் முகாம்களை அது நிறுவியது. ஒவ்வொரு முகாமும் தன்னளவில் வலியது. ஆனால் ஒன்றுக்கொன்று துணைசெய்ய இயலாத தொலைவிலிருந்தது. நிபெய்வாவுக்கும் ரபியாவுக்கும் இடையிலோ ஒரு பெரும்படையே கடந்து செல்லத்தக்க வெற்றிடம் கிடந்தது. தனித்தனியே நன்கு அரண்செய்து, அவற்றை இணைக்க மறந்தமை தற்காப்போரின் முதற்பெரும் பிழை.

நிபெய்வா ஏறத்தாழ ஒன்றரை மைல் நீளமும் ஒரு மைல் அகலமும் கொண்டது. கற்சுவர், டாங்கித் தடுப்பு அகழி, கண்ணிவெடிப் புலம் ஆகியன அதனைச் சூழ்ந்திருந்தன. ஆயினும் முகாமுக்கு உணவும் நீரும் கொண்டுவரும் சரக்குந்துகளுக்கு வழி வேண்டுமல்லவா? வடமேற்கு மூலையில் அவை வந்துபோன இடத்தில் கண்ணிவெடிகள் இல்லை என்பதை ரோந்து அணிகள் கண்டறிந்தன. எகிப்தின் பக்கமிருந்து, அதாவது கிழக்கிலிருந்து, தாக்குதல் வரும் என்று எண்ணியே அரண் அமைக்கப்பட்டிருந்தது, திறந்திருந்ததோ பின்வாசல்.

மேற்குப் பாலைவனப் படைக்குத் தலைமை தாங்கிய ஓ'கானர் இதற்கேற்பத் திட்டம் வகுத்தார். நவம்பர் இறுதியில் மத்ரூ அருகே, முகாமின் வடிவத்தைத் தரையில் குறித்து ஒத்திகை நடத்தப்பட்டது. அது உண்மைத் தாக்குதலின் ஒத்திகை என்பது படையினருக்குச் சொல்லப்படவில்லை. அக்காலப் பீரங்கிப்படையின் வழக்கம், முன்னதாகச் சில குண்டுகளைச் சுட்டு இலக்கைச் சரிபார்த்துக்கொள்வது. அவ்வாறு செய்யின் பகைவன் விழித்துக்கொள்வான். ஆகவே அவ்வழக்கம் கைவிடப்பட்டது. குறிதவறும் இடர் ஏற்கப்பட்டது. அவ்விடரைச் சுமக்கும் பொறுப்பு மட்டில்டா டாங்கியின் கவசத்தின்மீது வைக்கப்பட்டது. ஒரு படையின் குறையை மற்றொன்று ஈடுசெய்தல் என்று நாம் மேலே கூறியது இதனையே.

டிசம்பர் 9 விடியலுக்கு முன், கிழக்குப் பக்கத்தில் இந்தியப் படையின் ஓர் அணி சுட்டு ஆரவாரம் செய்து பகைவரின் கவனத்தை ஈர்த்தது. வானூர்திகளின் இரைச்சல் டாங்கிகளின் ஒலியை மறைத்தது. காலை 7.15 அளவில் பிரிவின் பீரங்கிகள் முழங்கின. அதே வேளையில் ஏழாம் அரச டாங்கிப் படையணியின் மட்டில்டாக்கள் வடமேற்கிலிருந்து பாய்ந்தன. முகாமுக்கு வெளியே நின்ற 23 இத்தாலிய டாங்கிகள் அணிவகுக்கும் முன்னரே அழிந்தன. இத்தாலியப் பீரங்கி வீரர்கள் தம் இடம்விட்டு அகலாது சுட்டனர் என்பதையும் நாம் பதிவுசெய்தல் வேண்டும்; அவர்களுடைய குண்டுகள் மட்டில்டாவின் 78 மில்லிமீட்டர் முகப்புக் கவசத்தைத் துளைக்கவில்லை. ஆயினும் மட்டில்டாவின் பீரங்கிக்குக் கவசம் துளைக்கும் திண்குண்டு மட்டுமே வழங்கப்பட்டிருந்தது. அகழியில் பதுங்கியோரை அதனால் அகற்றல் அரிது. அப்பணியைச் சரக்குந்துகளில் பின்தொடர்ந்து, முகாமுக்குச் சில நூறு மீட்டர் முன்னதாக இறங்கிய கேமரன் ஹைலாண்டர்ஸ், ராஜபுதனா ரைபிள்ஸ் படையினர் முடித்தனர். முற்பகலுக்குள் போர் ஓய்ந்தது. ஏறத்தாழ 2,000 பேர் சிறைப்பட்டனர். முகாமின் தலைவர் தளபதி மலேத்தி போரில் இறந்தார்.

மலேத்தியின் படையில் பெரும்பகுதியினர் லிபியர். தும்மாரிலும் மக்திலாவிலும் இருந்தவை லிபியப் பிரிவுகள். ஆகவே ஒருவருக்கொருவர் எப்பகையும் இல்லாத இரு குடியேற்ற நாட்டு மக்கள், தத்தம் ஆட்சியாளருக்காக எகிப்தியரின் மண்ணில் மோதிக்கொண்டனர். போர் வரலாற்று நூல்கள் பெரும்பாலும் 'இத்தாலியர்', 'பிரிட்டிஷார்' என்று மட்டும் எழுதிச் செல்வதால், இச்செய்தி வகுப்பறைக்கு வந்து சேர்வதில்லை.

அன்று பிற்பகலே தும்மார் தாக்கப்பட்டது. மறுநாள் சிடி பரானி வீழ்ந்தது. மூன்று நாள்களில் 38,300 பேர் சிறைப்பட்டனர். தாக்கியோர் பக்கத்தில் இறந்தோர், காயமுற்றோர், காணாமற்போனோர் 624 பேர்.

டாங்கி முன்னே, காலாள் பின்னே என்பது பொதுவிதி என்று இதிலிருந்து கொள்ளலாகாது. அடுத்த மாதமே, 1941 ஜனவரி 3ஆம் நாள், லிபியாவின் பார்தியாவில் முறை தலைகீழாயிற்று. அங்கே தடுப்பு அகழியும் முள்வேலியும் இடைவெளியின்றிச் சூழ்ந்திருந்தன, பின்வாசல் இல்லை. எனவே ஆஸ்திரேலியக் காலாட்படையும் பொறியாளரும் இருளில் முதலில் சென்றனர். வெடிமருந்து நிரப்பிய நீண்ட குழாய்களை வேலியின் அடியில் செலுத்தி வெடித்து வழிதிறந்தனர். அகழியின் கரைகளைக் கடப்பாரையாலும் மண்வெட்டியாலும் சரித்தனர். அதன் பின்னரே டாங்கிகள் உள்ளே புகுந்தன. அக்குழாயின் பெயர் 'பெங்களூர் டார்பிடோ'. தமிழர் பலர் பணிபுரிந்த மதராஸ் சாப்பர்ஸ் அண்ட் மைனர்ஸ் படையைச் சார்ந்த கேப்டன் மக்கிளின்டாக், பெங்களூரில் 1912இல் உருவாக்கியது அது. உழிஞைத் திணையைக் கற்பிக்கும் ஆசிரியர், மதில் கடக்கும் கருவிகளைப் பற்றிப் பேசுமிடத்து இதனையும் சுட்டலாம்.

நம் நாட்டுக்கு இன்னும் அணுக்கமான மறுபக்கம் ஒன்றுண்டு. நிபெய்வா வீழ்ந்து ஏறத்தாழ ஓராண்டு கழித்து, 1941 டிசம்பர் 11, 12 ஆகிய நாள்களில், கெடா மாநிலத்து ஜித்ராவில் அதே இந்தியப் படையின் பதினோராம் பிரிவு அரணின் உட்புறத்தில் நின்றது. மலாயாவில் பிரிட்டிஷாரிடம் ஒரு டாங்கிகூட இல்லை. அங்கிருந்த பஞ்சாபியரும் கூர்க்கரும் பலர் அதற்குமுன் டாங்கியைக் கண்ணால் கண்டவரும் அல்லர். மழையில் நனைந்த நெடுஞ்சாலை வழியே டாங்கிகளோடு வந்தது ஜப்பானியரின் சிறியதொரு முன்னணிப் படையே. டிசம்பர் 12 இரவில் அப்பிரிவுக்குப் பின்வாங்கும் ஆணை பிறந்தது.