கிட்டங்கியிலிருந்து வங்கிக்கு: எம்.சி.டி.எம். சிதம்பரம் செட்டியார்

வகுப்பில் ‘செட்டியார்’ என்ற சொல்லைப் போட்டுப் பாருங்க. தோட்டத்துப் பிள்ளைகளிடமிருந்து உடனே வரும் பதில் ‘வட்டி’. பின்வரிசையில் யாராவது ‘ஆ லோங்’ என்று சொல்லிச் சிரிப்பார்கள். தாத்தா பாட்டி சொல்லிக் கேட்ட நினைவு அது. முழுப்பொய் என்று தள்ளிவிட முடியாது. ஆனால் அதோடு நின்றுவிட்டால், தமிழர் நடத்திய ஒரு பெரிய நிதி அமைப்பின் கதை நம் மாணவர்களுக்குக் கிடைக்காமலே போய்விடும். படிவம் நான்கு, ஐந்தில் வாழ்க்கை வரலாறு சார்ந்த கட்டுரைக்கோ வாய்மொழிப் பயிற்சிக்கோ ஆள் தேடுகிறவர்கள், இந்தியன் ஓவர்சீஸ் வங்கியைத் தோற்றுவித்த எம்.சி.டி.எம். சிதம்பரம் செட்டியாரை எடுத்துப் பார்க்கலாம்.

முதலில் பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம். சென்னைச் சேப்பாக்கம் கிரிக்கெட் மைதானத்துக்குப் பெயராக இருப்பவர் எம்.ஏ. சிதம்பரம், ராஜா சர் அண்ணாமலைச் செட்டியாரின் மகன். நம்மவர் வேறு. நகரத்தார் பெயருக்கு முன்னால் வரும் எழுத்துகளுக்கு ‘விலாசம்’ என்று பெயர். நம் பெயரில் வரும் முதலெழுத்து மாதிரிதான், ஆனால் அது தொழிலுக்கும் அடையாளம். கடைசி ‘எம்’ அப்பா முத்தையா, ‘சி.டி.’ தாத்தா சிதம்பரம், முதல் ‘எம்’ அவருக்கும் மூத்தவர். தாத்தா பெயரைப் பேரனுக்கு வைக்கும் வழக்கத்தால் ஒரே பெயர் சுற்றிச் சுற்றி வரும். கடன் பத்திரத்தில் இந்த மூன்று எழுத்து இருந்தால் அந்தக் குடும்பத்தின் மொத்த சொத்தும் அதற்குப் பொறுப்பு. ‘பேரைக் காப்பாத்து’ என்று பெரியவர்கள் சொல்வதை இந்த இடத்தில் எழுத்துக்கு எழுத்து அப்படியே எடுத்துக்கொள்ளலாம்.

அந்தப் பழைய முறை எப்படி நடந்தது என்று தெரிந்தால்தான் இவர் செய்த மாற்றம் விளங்கும். மலாயாவில் செட்டியார் தொழில் நடந்த இடம் கிட்டங்கி. பினாங்கு வீதி, சிங்கப்பூர் மார்க்கெட் ஸ்திரீட், கோலாலம்பூர் லெபோ அம்பாங் ஆகிய இடங்களில் நீளமான கட்டடத்துக்குள் வரிசையாகப் பெட்டியும் சாய்வு மேசையும் இருக்கும். ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு விலாசம். முதலாளி செட்டிநாட்டில் இருப்பார். இங்கே வருவது அவருடைய ஏஜென்டு, பெரும்பாலும் மூன்றாண்டு ஒப்பந்தத்தில். அவருக்குக் கீழே அடுத்தாள், பெட்டியடிப் பையன். பையனாக வந்தவன் கணக்கு கற்று அடுத்தாளாகி, பிறகு ஏஜென்டாகி, ஒருநாள் சொந்தமாகப் பெட்டி போடுவான். பேரேடு, ஐந்தொகை, உண்டியல், நடப்பு வட்டி எல்லாம் தமிழிலேயே நடந்த கணக்கு. வணிகவியல் பாடத்தை மலாயிலும் ஆங்கிலத்திலும் படிக்கும் நம் பிள்ளைகளுக்கு இந்தச் சொற்களைக் காட்டுங்க. தமிழில் கணக்கு எழுத முடியுமா என்று கேட்கிறவர்களுக்கு நூறாண்டுக்கும் மேலான பதில் அதில் இருக்கிறது.

சரி, இந்தக் கிட்டங்கிக்கும் நெகிரி செம்பிலான் தோட்டத்துக்கும் என்ன தொடர்பு? நேரடித் தொடர்பு குறைவு. லின்சத்திலோ சுவா பெத்தோங்கிலோ பால் வெட்டியவரிடம் அடகு வைக்க நிலம் இல்லை, வீடும் லயத்து வீடு. அவர் கடன் வாங்கியது தோட்டத்து மளிகைக்கடையில், பற்று வரவில். செட்டியாரிடம் கடன் வாங்கியவர்கள் கடைக்காரர்கள், குத்தகைக்காரர்கள், சிறு நிலம் வைத்திருந்த மலாய்க்காரர்கள், சீனர்கள். கடைக்காரர் செட்டியாருக்குக் கட்டும் வட்டி, அரிசி பருப்பு விலையில் ஏறித் தொழிலாளி தலையில் விடிந்திருக்கும். தாத்தா பாட்டி கதையில் வரும் கோபத்துக்கு இது ஒரு காரணம் என்பது என் எண்ணம்.

நிலத்தை ஈடு வாங்கிக் கடன் கொடுக்கும் முறைக்கு அரசும் வேலி போட்டது. நம் மாநிலத்தில் ‘அடாட் பெர்பாத்தே’ வழி பெண்கள் பெயரில் இறங்கும் மரபு நிலத்தை வெளியார் எடுக்காமலிருக்க 1909-ல் ஒரு சட்டம் வந்தது. 1913-ல் மலாய் ஒதுக்கீட்டு நிலச் சட்டம். கடன்பட்ட நிலம் செட்டியார் கைக்குப் போகிறது என்ற அச்சம் அதன் பின்னணியில் இருந்தது. வரலாற்று ஆசிரியரோடு சேர்ந்து பாடம் நடத்த நல்ல இடம் இது.

இனி சிதம்பரத்தின் கதைக்கு வருவோம். அவர் பிறந்தது 1908 ஆகஸ்டு 2. தந்தை சர் எம்.சி.டி. முத்தையா செட்டியார் சென்னையில் பெரும்புள்ளி. புரசைவாக்கத்துப் பள்ளிக்கூடம் இன்றும் அவர் பெயரில் இருக்கிறது. தந்தை மறைந்தபோது சிதம்பரத்துக்கு வயது இருபதை ஒட்டித்தான். கைக்கு வந்த தொழிலைப் பழக்கிக்கொள்வதற்குள் உலகப் பொருளாதார மந்தம் வந்துவிட்டது. நகரத்தார் பணம் மிக அதிகமாகப் போயிருந்த இடம் பர்மா. நெல் விலை சரிந்தது, விவசாயிகளால் கடனைக் கட்ட முடியவில்லை, நிலம் செட்டியார்கள் பெயருக்கு மாறியது. கீழ்ப் பர்மாவின் 13 முக்கிய நெல் மாவட்டங்களில் 1930-ல் ஏறக்குறைய 6 விழுக்காடு நிலம் அவர்களிடம் இருந்தது. 1938-ல் அது 25 விழுக்காடு. கேட்க லாபம் போலத் தெரியும். உண்மையில் அது மாட்டிக்கொண்ட பணம். விற்க ஆளில்லாத நிலம், பகைத்துக்கொண்ட ஊர்.

இந்தச் சூழலில்தான் அவர் 1937 பிப்ரவரி 10-ம் தேதி இந்தியன் ஓவர்சீஸ் வங்கியைத் தொடங்கினார். காரைக்குடி, சென்னை, ரங்கூன் என்று மூன்று ஊரிலும் ஒரே நாளில் கதவு திறந்தது. அடுத்துப் பினாங்கு, தொடர்ந்து கோலாலம்பூர், சிங்கப்பூர். ஊர்களின் வரிசையைப் பாருங்க, நகரத்தார் கப்பலேறிய வழி அப்படியே தெரியும். தொடங்கி இரண்டு மாதம்கூட ஆகவில்லை, ஏப்ரல் 1-ல் பர்மா இந்தியாவிலிருந்து தனியாகப் பிரிந்தது. உள்நாட்டுப் பணமாக இருந்தது ஒரே நாளில் வெளிநாட்டுப் பணமானது. ‘ஓவர்சீஸ்’ என்ற சொல்லுக்கு அப்போதே முழுப்பொருள் வந்துவிட்டது. அந்நியச் செலாவணிதான் வங்கியின் சிறப்புத் துறை.

குடும்பத் தொழிலுக்கும் வங்கிக்கும் உள்ள வேறுபாட்டை மாணவர்களுக்கு நிதானமாக விளக்க வேண்டும். குடும்ப விலாசம் நொடித்தால் வீடு, நகை வரை போகும். பங்கு வங்கியில் பங்குதாரர் போட்ட பணம் அளவுக்குத்தான் நட்டம். கடன் கேட்பவரை ஏஜென்டு முகம் பார்த்து எடைபோடும் இடத்தில் விதிமுறையும் தணிக்கையும் வருகின்றன. இந்த மாற்றம் நம்மவருக்கு மட்டும் வந்ததல்ல. அமெரிக்காவில் ஜே.பி. மோர்கன் (1837-1913) நடத்திய புகழ்பெற்ற நிறுவனமும் பங்காளிகளின் தனிப் பொறுப்பில் நடந்ததுதான். அது பங்கு நிறுவனமாக மாறியது 1940-ல். நியூயார்க்கில் நடந்ததைவிட மூன்றாண்டு முன்னாலேயே செட்டிநாட்டு இளைஞர் ஒருவர் அந்தப் படியைத் தாண்டிவிட்டார். அப்போது அவருக்கு வயது 28.

வகுப்பில் ஒரு சின்னக் கணக்குப் போடலாம். அன்றைய மலாயா வெள்ளி 2 ஷில்லிங் 4 பென்ஸ், அதாவது 28 பென்ஸ். இந்திய ரூபாய் 1 ஷில்லிங் 6 பென்ஸ், அதாவது 18 பென்ஸ். 10 வெள்ளிக்கு எத்தனை ரூபாய்? ஏறக்குறைய பதினைந்தரை. 1930-களின் கடைசியில் பால்வெட்டு ஆணின் நாள் கூலி 50 காசு அளவில்தான் இருந்தது. அப்படியானால் அந்தப் பதினைந்தரை ரூபாய்க்கு, சாப்பிடாமல் இருந்தால், 20 நாள் வேலை. அதைப் பெரும்பாலும் தபால் மணியார்டரிலோ, ஊருக்குப் போகும் ஆளிடமோதான் கொடுத்தனுப்பினார்கள். சிதம்பரம் செட்டியாரின் வங்கி வணிகர்களை மனத்தில் வைத்துத் தொடங்கியது, லயத்துக்கு வரவில்லை. அவரைப் பாராட்டும்போது இதையும் சேர்த்துச் சொல்வதுதான் நியாயம்.

பிறகு போர். 1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் விழுந்தது, மார்ச்சில் ரங்கூன். கடல்கடந்து வளர்வதற்கென்றே பிறந்த வங்கிக்குக் கடல் மூடிக்கொண்டது. அப்படியும் பிழைத்தது. இந்தியா விடுதலை பெற்றபோது உள்நாட்டில் 38, வெளிநாட்டில் 7 கிளைகள். சிதம்பரம் வங்கியோடு நிற்கவில்லை. கேரளத்துப் பெரும்பாவூரில் ரயான் ஆலை நிறுவினார். யுனைடெட் இந்தியா ஆயுள் காப்பீட்டு நிறுவனத்துக்காகச் சென்னை மவுண்ட் ரோட்டில் 14 மாடிக் கட்டடத்தைத் தொடங்கினார். பழைய தமிழ்ப் படங்களில் கதாநாயகன் பட்டணத்துக்கு வந்ததும் அண்ணாந்து பார்ப்பாரே, அந்த எல்.ஐ.சி. கட்டடம்தான்! காப்பீட்டுத் துறை 1956-ல் அரசுடைமையானதால் பெயர் மாறியது. 1959-ல் திறந்தார்கள்.

அந்தத் திறப்பைப் பார்க்க அவர் இல்லை. 1954 மார்ச் 13 அன்று சிங்கப்பூர் காலாங் விமான நிலையத்தில் தரையிறங்கிய பி.ஓ.ஏ.சி. விமானம் ஓடுபாதை முனையின் சுவரில் மோதித் தீப்பிடித்தது. இருந்த 40 பேரில் 33 பேர் இறந்தார்கள், அவர்களில் ஒருவர் சிதம்பரம் செட்டியார். வயது 45.

வங்கியின் மலேசியக் கதை அதற்கப்புறமும் ஓடியது. 1969 ஜூலையில் இந்திய அரசு 14 வங்கிகளை எடுத்துக்கொண்டபோது இதுவும் ஒன்று. வேறு நாட்டு அரசுக்குச் சொந்தமான வங்கி இங்கே இயங்க நம் சட்டம் இடம்தரவில்லை. 1973-ல் அதன் ஐந்து மலேசியக் கிளைகளும், இந்தியன் வங்கி, யுனைடெட் கமர்ஷியல் வங்கி ஆகியவற்றின் கிளைகளும் சேர்ந்து யுனைடெட் ஏசியன் வங்கி ஆயின. அது 1991-ல் பேங்க் ஆஃப் காமர்ஸோடு இணைந்தது. அந்த வழி வந்ததுதான் இன்றைய சி.ஐ.எம்.பி. உங்கள் மாணவர்களில் பலர் வீட்டில் அந்த ஏ.டி.எம். அட்டை இருக்கும்.

இந்தப் பாடத்தோடு இன்னொன்றையும் இணைத்துக் கொடுங்க. 1950-களில் தோட்டத் துண்டாடலால் லயத்தை விட்டு வெளியேற்றப்பட்டவர்களுக்காகத் துன் சம்பந்தன் 1960-ல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தொழிலாளர்கள் பத்துப் பத்து வெள்ளியாகப் போட்ட பணத்தில் முதலில் வாங்கியது கெடாவில் உள்ள புக்கிட் சீடிம் தோட்டம். ஒன்று மேலிருந்து வந்த முதல், இன்னொன்று கீழிருந்து சேர்ந்த முதல். இரண்டையும் ஒப்பிட்டு 150 சொல்லில் எழுதச் சொல்லுங்க. அதற்கு முன், வீட்டுப் பெரியவர்களிடம் மூன்றே கேள்வி கேட்டுவரச் சொல்லலாம்: சம்பளக் காசை எங்கே வைத்தீங்க, ஊருக்கு எப்படி அனுப்பினீங்க, அவசரத்துக்கு யாரிடம் கடன் வாங்கினீங்க?