பாரிசவாதம் வந்த வீடு

வெறிநாய்க்கடிக்கு மருந்து கண்ட லூயி பாஸ்டரைப் பற்றி நாமெல்லாரும் பள்ளியில் படித்திருக்கிறோம். 1885-ஆம் ஆண்டில் ஜோசப் மைஸ்டர் என்னும் சிறுவனை அவர் காப்பாற்றிய வரலாறு நம் பிள்ளைகளுக்கும் தெரியும். ஆனால் அந்நாளில் அவர் இடக்கையும் இடக்காலும் சரிவர இயங்காத மனிதராக இருந்தார் என்பதை நம்மில் பலர் அறியோம்.

1868 அக்டோபர் 19. பாஸ்டருக்கு அப்போது வயது 45. அன்று பகலில் அவருடைய இடப்பக்கத்தில் இனம்புரியாத ஒரு மதமதப்புத் தோன்றியது. அதைப் பொருட்படுத்தாமல் அறிவியல் கழகக் கூட்டத்திற்குச் சென்று திரும்பினார். இரவில் நாக்குக் குழறியது. இடப்பக்கம் முழுவதும் விழுந்துவிட்டது. அவ்வேளையில் பாரிசு நகரில் அவருக்கென்று ஓர் ஆய்வுக்கூடம் எழும்பிக்கொண்டிருந்தது. ‘இனி இவர் பிழைக்கப் போவதில்லை’ என்று எண்ணிய அதிகாரிகள் கட்டட வேலையை நிறுத்திவிட்டனர். செய்தி பேரரசர் மூன்றாம் நெப்போலியனின் காதுக்கு எட்டி, அவர் கட்டளையிட்ட பிறகே வேலை மீண்டும் தொடங்கியது. பாஸ்டரோ ஒரு வாரத்திற்குள் படுக்கையில் இருந்தபடியே பட்டுப்புழு நோய் பற்றிய குறிப்பொன்றைச் சொல்லி எழுதுவித்தார். அடுத்த ஆண்டின் தொடக்கத்தில் தென் பிரான்சுக்குப் பயணமாகி, விட்ட ஆராய்ச்சியைத் தொடர்ந்தார்.

வாதம் வந்த வீடுகளுக்குச் சென்று திரும்பும்போதெல்லாம், நின்றுபோன அந்தக் கட்டடம் நம் நினைவுக்கு வருகிறது. மருத்துவமனையிலிருந்து வந்த ஒரு மாதத்திற்குள் குடும்பத் தலைவரின் சைக்கிள் விலைபோகிறது. அவர் கட்டில் கூடத்திலிருந்து பின்கட்டுக்கு மாறுகிறது. மகளின் திருமணப் பேச்சு அவரை ஒரு வார்த்தை கேளாமலே நடக்கிறது. வந்தவர்கள் அவருடைய தலைமாட்டில் நின்றுகொண்டு, “இனி எத்தனை நாளைக்கோ” என்று பேசுகிறார்கள். அவர் அத்தனையையும் கேட்டுக்கொண்டுதான் படுத்திருக்கிறார்.

முதல் சில மணி நேரத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம். முகம் ஒரு பக்கம் கோணுதல், கை தளர்ந்து விழுதல், பேச்சுக் குழறுதல் ஆகியவற்றுள் ஒன்று திடீரெனத் தோன்றினாலும் 108-க்குச் சொல்லி, ஸ்கேன் வசதியுள்ள பெரிய மருத்துவமனைக்கு நேரே கொண்டு செல்லவேண்டும். மூளையின் இரத்தக்குழாய் அடைபட்டதா, வெடித்துக் கசிந்ததா என்பது ஸ்கேன் பார்த்தால்தான் தெரியும். அடைப்பானால், அதைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக நாலரை மணி நேரத்திற்குள் போட்டாக வேண்டும். ‘விடியட்டும், பார்க்கலாம்’ என்ற சொல் பலருடைய கையையும் காலையும் பறித்திருக்கிறது. வாயில் காப்பியோ சோடாவோ ஊற்றவும் கூடாது. விழுங்கும் ஆற்றல் குன்றியிருந்தால் அது நுரையீரலுக்குள் இறங்கிவிடும். புறாவின் இரத்தத்தைத் தடவினால் வாதம் நீங்கும் என்று நம்புவோர் இன்றும் உண்டு. பாஸ்டருக்கு அன்றைய மருத்துவர்கள் அட்டை விட்டார்கள். அவர்களுக்கு வேறு வழி தெரியாது. நமக்குத் தெரியும். ஆதலால் புறாவை அதன் போக்கில் விட்டுவிடலாம்.

பாஸ்டருக்கு விழுந்தது இடப்பக்கம். ஆகவே பேச்சு விரைவிலேயே திரும்பியது. வலப்பக்கம் விழுந்தவர்களுக்கோ பேச்சே பெருந்துன்பமாகிவிடுவது உண்டு. மூளையின் இடப்பாகம் உடலின் வலப்பக்கத்தை ஆள்கிறது. பெரும்பாலோருக்குப் பேச்சின் இருப்பிடமும் அதுவே. போல் புரோக்கா என்ற பிரெஞ்சு மருத்துவர் 1861-இல் இதற்குச் சான்று காட்டினார். அவர் கண்ட நோயாளி ஒருவருக்கு ‘டான்’ என்ற ஓரசையைத் தவிர ஏறக்குறைய வேறெதுவும் வாயில் வரவில்லை. ஆனால் பிறர் சொன்னதைப் பெரும்பாலும் புரிந்துகொண்டார். பேச்சு வேறு, அறிவு வேறு. சிலருக்குப் பிறர் பேச்சை விளங்கிக்கொள்வதும் கடினமாகலாம் என்பது உண்மையே. எனினும் வாய் பேசாதவரை ஒன்றும் அறியாதவர் என்று முடிவு கட்டுவது பெரும் அநீதியாகும்.

மாலையில் குடும்பச் செபமாலை தொடங்குகிறது. பெற்ற மகனின் பெயரை ஒரு மாதமாகச் சொல்ல முடியாத தாய், அருள்நிறை மந்திரத்தின் பிற்பாதியை மற்றவர்களோடு சேர்ந்து தடையின்றிச் சொல்லிவிடுகிறார்! வீட்டார் திகைக்கின்றனர், புதுமை என்கின்றனர். மறுநாள் காலை அதே தாய் தண்ணீர் கேட்கத் தெரியாமல் செம்பைக் காட்டித் தவிக்கும்போது, “செபம் மட்டும் வருகிறது, தண்ணீர் என்று சொல்ல வராதா? எல்லாம் பிடிவாதம்” என்று மருமகள் சலித்துக்கொள்கிறாள். பிடிவாதம் அன்று. பல்லாண்டுகள் நாவில் பழகிய செபமும், பாட்டும், ஒன்று இரண்டு மூன்று என்ற எண்வரிசையும் ஒரு தடத்தில் வருகின்றன. நினைத்ததைச் சொல்லச் சொற்களைத் தேடிக் கோக்கும் வேலை வேறு தடத்தில் நடக்கிறது. முதல் தடம் திறந்திருக்க, இரண்டாவது அடைபட்டுக் கிடக்கலாம். திறந்திருக்கும் தடத்தைப் பயன்படுத்தியே, சொற்களை இராகத்தோடு இழுத்துச் சொல்லப் பழக்கும் முறையொன்றை அமெரிக்காவின் போஸ்டன் நகரத்து ஆய்வாளர்கள் 1973-இல் வெளியிட்டார்கள். ஆகவே செபத்தையும் பாட்டையும் அவரோடு சேர்ந்து சொல்லுங்கள். பேசும்போது ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் கேளுங்கள், தலையசைத்து விடை சொல்லக்கூடிய கேள்வியாகக் கேளுங்கள், பிறகு காத்திருங்கள். உரக்கக் கத்தவேண்டாம், அவர் செவிடர் அல்லர்.

மூளையின் வலப்பாகம் பாதிக்கப்பட்டவர்களுள் சிலருக்கு வேறொரு விந்தை நேரும். கண்ணில் பழுதே இராது. ஆயினும் இடப்பக்கத்து உலகம் மனத்திற்கு எட்டாது. இலையின் வலப்பாதியிலுள்ள சோற்றை உண்டுவிட்டு, இடப்பாதியை அப்படியே விட்டு எழுந்துவிடுவார். பசி தீராமல் மீண்டும் சோறு கேட்பார். சமைத்தவளுக்குக் கோபம் வருவது இயல்பே. இலையைச் சற்றுத் திருப்பி வைத்தால் போதும், மீதியையும் உண்டுவிடுவார்.

முன்னேற்றம் முதல் மூன்று மாதங்களில் விரைவாக இருக்கும். அதன் பின் மெதுவாகும்; ஆறு மாதத்தோடு எல்லாம் முடிந்துவிட்டது என்பது தவறு. பழுதடைந்த பகுதியின் வேலையை மூளையின் மற்றப் பகுதிகள் கற்றுக்கொள்ள முடியும். ஆனால் குழந்தை நடை பழகுவதுபோல் ஒரே செயலைத் திரும்பத் திரும்பச் செய்யவேண்டும். அன்பு மிகுந்த வீடுகளில்தான் இதற்கு இடையூறும் மிகுதி என்பது நாம் கண்டது. ஊட்டிவிடுகிறார்கள், சட்டை மாட்டிவிடுகிறார்கள், எழுந்தால் ஓடிவந்து படுக்கவைக்கிறார்கள். ஒரு பொத்தானைப் போட அவருக்குக் கால்மணி நேரம் ஆகலாம். ஆகட்டுமே! தளர்ந்த கையைப் பிடித்து இழுத்துத் தூக்குவது மட்டும் கூடாது. தோள்மூட்டு நழுவித் தீராத வலி தரும். எழுந்து நடக்கும்வரை இரண்டு மணிக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைக்காவிடில் படுக்கைப் புண் வந்துவிடும். 2021-இல் தமிழக அரசு தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீட்டிற்கே வந்து இயன்முறைப் பயிற்சி அளிப்பதும் சேர்க்கப்பட்டது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் விசாரிக்கத் தயங்கவேண்டாம்.

ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு மனச்சோர்வும் வருகிறது. இதற்கு மருந்து உண்டு, மருத்துவரிடம் சொல்லவேண்டும். காரணமின்றி அழுவதும் சிரிப்பதும் மூளைப் பழுதினாலேயே நேரக்கூடும். பேரப்பிள்ளைகளிடம் இதை விளக்கிச் சொன்னால் அவர்கள் அஞ்சமாட்டார்கள்.

இரத்த அழுத்த மாத்திரையைப் பற்றிச் சொல்லிச் சொல்லி நமக்கே அலுத்துவிட்டது. ‘இப்போதுதான் நன்றாக இருக்கிறதே’ என்று நிறுத்துகிறார்கள். மறுமுறை வந்து விழுகிறது. கருவாடு, ஊறுகாய், அப்பளம் ஆகியவற்றின் உப்பும் அந்தக் கணக்கில்தான் சேரும்.

இன்னொன்று. குருவானவரை அழைத்தால் ‘அவஸ்தைப் பூசுதல்’ என்று நோயாளி கலங்கிவிடுவார் எனக் கருதி, கடைசி மூச்சுவரை காத்திருக்கும் வழக்கம் இன்னும் நம்மிடையே மறையவில்லை. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963-இலேயே, ‘நோயில் பூசுதல்’ என்ற பெயரே பொருத்தமென்றும், அது சாகும் தறுவாயில் இருப்போருக்கு மட்டும் உரியதன்று என்றும் தெளிவாக்கிவிட்டது. வாதம் கண்டவர் அதை நினைவோடு, தம் வீட்டார் நடுவில் உட்கார்ந்து பெறலாம். நற்கருணை கொண்டுவருபவரிடம் விழுங்கும் தொல்லையை முன்கூட்டியே சொல்லிவைத்தால் சிறு துண்டாக அளிப்பார்.

பாஸ்டரின் மனைவி மரி அவர் சொல்லச் சொல்ல எழுதினார். பகலும் இரவும் உடனிருந்தார். நம் வீடுகளிலும் அப்படித்தான் ஒரு மனைவியோ மகளோ ஆண்டுக்கணக்கில் உறக்கமின்றி நிற்கிறாள். மரியாயின் சேனையினரும் அண்டை வீட்டாரும் நோயாளியைச் சந்திக்க வருகிறார்கள். “ஏதாவது தேவையென்றால் சொல்லுங்கள் அம்மா” என்று கூறிப் போகிறார்கள். அவள் எதையும் கேட்கமாட்டாள். “சனிக்கிழமை மாலை நான்கு முதல் ஆறுவரை நாங்கள் ஐயாவோடு இருக்கிறோம், நீங்கள் போய்ச் சற்றுத் தூங்குங்கள்” என்று நாளும் நேரமும் குறித்துச் சொல்லிப் பாருங்கள். அந்த இரண்டு மணி நேரத்தில் அவரிடம் கேட்பதற்கு, மகளின் திருமணப் பேச்சு முதலாக எவ்வளவோ இருக்கும்.