வேலி தாண்டும் மஞ்சள் இலை: பெருநாள் காலத்துத் தோட்ட நட்பு

கம்போங் குவாந்தானுக்கு வெளியூர்க்காரர்கள் மின்மினி பார்க்க வருகிறார்கள். இருட்டியதும் சம்பானில் ஏறி, சிலாங்கூர் ஆற்றங்கரைப் பெரெம்பாங் மரங்களில் பூச்சிகள் ஒரே தாளத்தில் மின்னுவதைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். இந்த வட்டாரத்தைப் பகலில், அதுவும் ஒரு பெருநாளுக்கு முதல் வாரத்தில் சுற்றி வந்தால், வேறொரு காட்சி கிடைக்கும். கம்பத்து வீட்டு வேலி ஓரத்திலும், புக்கிட் ரோத்தான், ஈஜோக், ஜெராம் பக்கத்துத் தோட்ட லயங்களின் பின்புறத்திலும் ஏறக்குறைய ஒரே செடிகள்தாம் நிற்கும். மஞ்சள், பண்டான், செராய், கருவேப்பிலை, வாழை, மருதாணி, முருங்கை, இரண்டு தென்னை. வைத்தவர்கள் வெவ்வேறு இனம், வெவ்வேறு சமயம். செடி மட்டும் ஒன்று.

பெருநாள் வாழ்த்து இங்கே பல வீடுகளில் இந்தச் செடிகள் வழியாகத்தான் போய்ச் சேர்கிறது. கைப்பேசியில் வரும் விளக்குப் படத்தையும் பிறைப் படத்தையும் யார் அனுப்பினார்கள் என்று மறுநாள் நினைவிருக்காது. ஒரு கட்டு மஞ்சள் இலையோடு வந்து நின்ற அண்டை வீட்டு மாக் சிக்கை மறக்க முடியுமா?

மஞ்சளைப் பற்றியே முதலில் சொல்ல வேண்டும். நமக்கு அது தைப்பொங்கல் செடி. பானையின் கழுத்தில் கட்ட, இலையும் கிழங்கும் சேர்ந்த பச்சைக் கொத்து வேண்டும். மலாய்க்காரர்களுக்கோ அது நோன்புப் பெருநாள் செடி. ரெண்டாங் அடுப்பில் சுண்டும் கடைசிக் கட்டத்தில், மஞ்சள் இலையைப் பொடியாக அரிந்து போடுவார்கள். அந்த வாசனை இல்லாவிட்டால் அது வெறும் இறைச்சிப் பிரட்டல். ஆக, ஒரே செடியில் அவர்களுக்கு வேண்டியது இலை, நமக்கு வேண்டியது இலையோடு கூடிய கிழங்கு. கேட்பது வேறு வேறு என்பதால் கொடுக்கல் வாங்கல் சுலபமாக நடக்கிறது. ஒரு விஷயத்தை மட்டும் தெரிந்து கொடுக்க வேண்டும். இலைதான் கிழங்குக்குச் சோறு போடுகிறது. ஒரு தூரில் எல்லா இலையையும் ஒட்ட அறுத்துவிட்டால் கிழங்கு பெருக்காது. வெளி இலை ஒன்றிரண்டை எடுத்து, நடுக்குருத்தை விட்டுவிட வேண்டும். பழகிய கைகள் பல தூர்களில் இருந்து ஒவ்வொன்றாகப் பறிப்பது இதனால்தான்.

சமைத்த உணவைப் பரிமாறுவதில் இருக்கும் தயக்கம் செடியில் இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். மாட்டிறைச்சி ரெண்டாங்கை இந்து வீட்டுக்குக் கொடுக்க முடியாது. நம் வீட்டுப் பாத்திரம் ஹலாலா என்ற கேள்வி மலாய் வீட்டில் எழலாம். எழுந்தால் அதில் குற்றம் ஒன்றும் இல்லை. புத்த சமயத்துச் சீன வீடுகளில் சிலர் மாதத்தின் முதல் நாளும் பதினைந்தாம் நாளும் சைவம். ஆனால் ஒரு சீப்பு வாழைப்பழத்துக்கும் ஒரு கைப்பிடி கருவேப்பிலைக்கும் யாரும் யோசிக்க வேண்டியதில்லை. முறுக்கும் நெய் உருண்டையும் வேலி தாண்டுவதற்கு முன்பே இலையும் காயும் தாண்டிவிட்டன என்பது என் எண்ணம்.

கரும்புக் கதை இன்னும் சுவையானது. பொங்கலுக்கு நமக்குக் கரும்பு வேண்டும். சீனப் பெருநாளின் ஒன்பதாம் நாள் பிறக்கும் நள்ளிரவில், ஹொக்கியான் சீனர்கள் விண்ணரசருக்குப் படையல் வைக்கும்போது, மேசையின் இரு பக்கமும் தோகையோடு கூடிய முழுக் கரும்பைக் கட்டுவார்கள். ஒரு காலத்தில் எதிரிகளுக்குப் பயந்து கரும்புக் காட்டில் ஒளிந்து உயிர் தப்பிய தம் முன்னோரை நினைத்துச் செய்வது அது என்று சொல்லப்படுகிறது. ஹொக்கியானில் கரும்பு என்ற சொல்லின் ஒலியும், நன்றி என்று பொருள்படும் ‘கம்சியா’ என்ற சொல்லின் ஒலியும் நெருங்கியவை. பொங்கல் ஜனவரி நடுவில். சீனப் பெருநாள் ஜனவரி பிற்பகுதியிலிருந்து பிப்ரவரி 20ஆம் தேதி வாக்கிற்குள். ஆகவே பொங்கலுக்கு வெட்டும்போது ஓரத்தில் நான்கு கழியைத் தோகையோடு விட்டு வைத்தால், அது அடுத்த வீட்டுப் படையலுக்கு ஆகும். பதிலுக்கு வருவது பெரும்பாலும் காய்த்துத் தொங்கும் ஒரு கஸ்தூரி எலுமிச்சைத் தொட்டி. பொன்னிறப் பழம் செல்வத்தின் அடையாளம் என்று அவர்கள் வைப்பது. நம் வீட்டில் அது ஊறுகாய்க்குப் போகும்.

தென்னங்குருத்தும் இப்படித்தான். நாம் தோரணம் முடைகிறோம், அவர்கள் கெத்துப்பாட் கூடு பின்னுகிறார்கள். ஒரே மரத்தில் திரும்பத் திரும்பக் குருத்தை வெட்டினால் மரம் இளைத்துவிடும் என்பதால், யார் மரத்தில் போன முறை வெட்டியது என்று கணக்கு வைத்துக்கொள்வது நல்லது. மருதாணிக்குக் கணக்கே வேண்டாம். தீபாவளிக்கும் நோன்புப் பெருநாளுக்கும் கல்யாணத்துக்கும் ஒடிக்க ஒடிக்கத் துளிர்க்கும்.

நாள்காட்டியையும் கொஞ்சம் பார்க்க வேண்டும். நோன்புப் பெருநாள் ஆண்டுக்கு ஏறத்தாழ 11 நாள் முன்னே நகரும். மற்ற பெருநாள்கள் அந்தந்தப் பருவத்திலேயே நிற்கும். அதனால் சில ஆண்டுகளில் இரண்டு பெருநாள்கள் ஒட்டி வரும். 1996 முதல் 1998 வரை நோன்புப் பெருநாளும் சீனப் பெருநாளும் சேர்ந்து வந்தபோது நாடே ‘கொங்சி ராயா’ என்றது. 2004, 2005, 2006 ஆகிய ஆண்டுகளில் தீபாவளிக்கும் நோன்புப் பெருநாளுக்கும் இடையே இரண்டு மூன்று நாள்தான் இடைவெளி. அது ‘தீபா ராயா’ ஆனது. கணக்குப்படி 2030 பிப்ரவரித் தொடக்கத்தில் மீண்டும் கொங்சி ராயா வரும். 2032ஆம் ஆண்டிலோ நோன்புப் பெருநாள் ஜனவரி நடுவில், நம் தைப்பொங்கலை ஒட்டி விழ வேண்டும். ரெண்டாங்குக்கு இலையும் பானைக்குக் கொத்தும் ஒரே வாரத்தில் தேவைப்படும். சந்தையில் மஞ்சள் என்ன விலை போகும் என்று இப்போதே யோசிக்கலாம்.

இன்னொரு பொருத்தமும் உண்டு. தீபாவளி அமாவாசையை ஒட்டி வருகிறது. சீனப் பெருநாள் அமாவாசை நாளில் பிறக்கிறது. நோன்புப் பெருநாள் அமாவாசை கழிந்த இளம்பிறையில் தொடங்குகிறது. அந்தப் பிறையைப் பார்க்கும் அதிகாரபூர்வ இடங்களில் ஒன்று நம் கோலசிலாங்கூரின் புக்கிட் மலாவத்தி. ஆக, மூன்று பெருநாளும் நிலவில்லாத இரவுகளை ஒட்டியே வருகின்றன. கம்போங் குவாந்தானில் மின்மினி நன்றாகத் தெரிவதும் அதே இரவுகளில்தான். வெளிச்சம் அதிகமானால் பூச்சிகள் ஒன்றையொன்று அழைக்கும் மின்னல் எடுபடாது. ஆற்றோரம் குடியிருப்பவர்கள் பெருநாள் சரவிளக்கை வீட்டு முகப்போடு நிறுத்திக்கொள்ளலாம். செடி வளர்ப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். மின்மினி புழுவாக இருக்கும்போது கரையோர ஈர மண்ணில் சிறு நத்தைகளைத் தின்று வளர்கிறது. பெருநாளுக்கு வாசலைச் சுத்தம் செய்கிறோம் என்று கால்வாய் ஓரமெல்லாம் புல் மருந்தும் நத்தை மருந்தும் தெளித்தால், அது மழையோடு அங்கேதான் போய்ச் சேரும்.

கொடுப்பதிலும் நேரம் காலம் உண்டு. நோன்புப் பெருநாள் காலையில் பள்ளிவாசல் தொழுகை முடிந்து பலர் கல்லறைக்குப் போவார்கள். மதியத்துக்கு மேல் போவது நல்லது. சீனப் பெருநாளுக்கு வெள்ளைச் செவ்வந்தி எடுத்துப் போகக் கூடாது, அது சாவு வீட்டுப் பூ. நம் பக்கத்துப் பெரியவர்கள் விளக்கு வைத்த பிறகு இலை பறிக்க விடமாட்டார்கள் என்பதை மற்ற இனத்தாருக்கு நாமே சொல்லி வைக்கலாம். சாவு விழுந்து தீபாவளி கொண்டாடாத வீட்டுக்கு அக்கம்பக்கத்தார் பலகாரம் கொடுப்பது நம் வழக்கம். அந்த வீட்டுக்கு மலாய் அண்டை வீட்டார் ஒரு தார் வாழைப்பழம் கொண்டுவந்தால் வழக்கம் இன்னும் கொஞ்சம் அகலமாகிறது. கொடுத்த தட்டை வெறுமையாகத் திருப்பக் கூடாது என்பதும் நமக்குத் தெரிந்ததே. சீனியோ நாலு எலுமிச்சையோ வைத்துத் திருப்புவோம்.

வாழ்த்துச் சொல்லிலும் தோட்டக்காரருக்குப் பொருத்தமானது ஒன்று இருக்கிறது. ‘மாஆஃப் ஜாஹிர் டான் பாத்தின்’ என்றால், வெளிப்படையாகச் செய்த தவறுக்கும் மனத்தில் நினைத்த தவறுக்கும் மன்னிப்புக் கேட்பது. கோழி போய் அடுத்த வீட்டுக் கீரைப் பாத்தியைக் கிளறியதும், மாங்கிளை கூரை மேல் சாய்ந்ததும், அதற்காக மனத்துக்குள் திட்டியதும் எல்லாம் இதில் அடக்கம்.

இப்போதைய சிக்கல் நிலம். தோட்டங்கள் துண்டாடப்பட்டு வீடமைப்புப் பகுதிகளாகின்றன. லயத்துப் பின்புறத்தில் நான்கு பாத்தி வைத்திருந்த குடும்பம் தாமான் வீட்டுக்கோ அடுக்குமாடிக்கோ மாறும்போது சட்டி பானை வருகிறது. மஞ்சள் தூர் வருவதில்லை. அடுத்த பொங்கலுக்கு அது கடைச் சாமான். வாங்கினால் வாங்கியதோடு சரி, அண்டை வீட்டில் கேட்க வேண்டிய அவசியமும் இல்லை. அப்படித்தான் பத்து ஆண்டு பக்கத்தில் இருந்தும் பெயர் தெரியாத அண்டை வீடுகள் உண்டாகின்றன.

மஞ்சளுக்குப் பெரிய இடம் வேண்டாம். ஓர் அகலமான பாலித்தீன் பை, அடியில் நீர் வடிய ஓட்டை, மக்கிய குப்பை கலந்த மண் போதும். முளை விட்ட கிழங்கை இரண்டு மூன்று அங்குல ஆழத்தில் வைத்து, மண் காயாமலும் நீர் தேங்காமலும் பார்த்துக்கொள்ள வேண்டும். வைகாசி, ஆனி வாக்கில் நட்டால் தை பிறக்கும்போது இலை பச்சையாக இருக்கக் கிழங்கும் திரண்டிருக்கும். அண்டை வீட்டு ரெண்டாங்குக்கு என்று இரண்டு பையைத் தனியாக, சில மாதம் முன்பின்னாக நட்டுக்கொள்ளலாம். பொங்கல் முடிந்ததும் கொத்தைத் தூக்கிப் போடாமல், நல்ல விரல் கிழங்கு நாலைந்தை நிழலில் எடுத்து வையுங்கள். அதில் இரண்டை வேலிக்கு அந்தப் பக்கம் கொடுத்துவிட்டால், ஒரு வீட்டில் செடி அழுகினாலும் இன்னொரு வீட்டில் விதை இருக்கும்.