மென்பொருளில் எந்த ஆண்டைப் போடுவது?

பில் போடவும் சரக்கிருப்புப் பார்க்கவும் மென்பொருள் எழுதுவித்து, அதனை மற்றக் கடைகளுக்கும் விற்கும் வியாபாரிகள் நம்மிடையே இருக்கின்றனர். அதன் முதல் திரையில் © அடையாளமும் ஆண்டும் உரிமையாளரின் பெயரும் இருக்கும். ஜனவரி பிறந்ததும் கலண்டரை மாற்றுவது போல அந்த ஆண்டையும் சிலர் மாற்றி விடுகின்றனர். இது தவறான பழக்கம்.

அங்கே போட வேண்டியது மென்பொருள் முதன்முதலாக வெளியான ஆண்டு. 2018இல் விற்பனைக்கு விட்டு, 2020இலும் 2023இலும் புதிய பகுதிகளைச் சேர்த்து வெளியிட்டீர்கள் என்று வைத்துக்கொள்வோம். அப்போது "© 2018, 2020, 2023" என்று எழுதிப் பெயரைப் போடுங்கள். ஒவ்வோர் ஆண்டும் இடைவிடாது திருத்தி வெளியிட்டிருந்தால் "2018-2023" என்று சுருக்கலாம். ஜிஎன்யூ மென்பொருள் திட்டத்தின் வழிகாட்டியும், இடையில் விடுபட்ட ஆண்டு இருந்தால் இப்படிச் சுருக்கக் கூடாது என்கிறது. "2023/24" என்று எழுத வேண்டாம். கணக்காண்டு என்று நினைப்பார்கள்.

ஆண்டு போடாவிட்டால் உரிமை போய்விடுமா? போகாது. நமது நாட்டின் 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி, ஆக்கம் உருவானதுமே உரிமை வந்துவிடுகிறது, பதிவு தேவையில்லை. கணனி நிரல்களும் இதில் அடங்கும். அமெரிக்காவிலும் 1989 மார்ச் 1 முதல் இக்குறிப்பு கட்டாயமல்ல.

அப்படியானால் ஏன் இத்தனை கவனம்? நீங்கள் 2018ஐ அழித்துவிட்டு 2023 என்று மட்டும் போடுகிறீர்கள். உங்கள் மென்பொருளைப் பிரதி பண்ணிய ஒருவர் 2021 என்று போட்டு விற்கிறார். பார்ப்பவர் அவரைத்தானே முந்தியவர் என்பார்? ஆகவே முதல் ஆண்டை ஒருபோதும் அழிக்காதீர்கள். குறிப்பு மட்டும் போதாது. பழைய பிரதிகளையும் முதல் விற்பனையின் பற்றுச்சீட்டையும் பத்திரப்படுத்துங்கள்.

இன்னொன்று. எந்த மாற்றமும் செய்யாத மென்பொருளுக்குப் புது ஆண்டைப் போட்டுப் புதிதென்று விற்பது, பழைய சரக்கில் திகதியை மாற்றி ஒட்டுவதற்கு ஒப்பானது. சரக்கின் குறையை மறைத்து விற்பதை நமது மார்க்கம் தடுத்திருக்கிறது. கணனிக்குள் இருக்கும் சரக்கும் சரக்குத்தான்.