வெளிப்பொருத்துப் பொறியில் திறன் இழப்பு

வெளிப்பொருத்துப் பொறியில் திறன் இழப்பு என்பது, படகின் பின்பலகையில் வெளிப்புறமாகப் பொருத்தப்படும் பொறி (அவுட்போர்டு மோட்டார்) ஓடிக்கொண்டிருந்தும் படகுக்கு வழக்கமான வேகத்தைத் தராத நிலையைக் குறிக்கும். அறவே நின்றுபோன பொறியின் பழுதைக் காண்பதை விட இதன் காரணத்தைக் கண்டறிவது கடினம். எரிபொருள், தீப்பொறி, குளிர்விப்பு, உந்துசுழலி, படகின் எடை ஆகிய ஐந்தில் எதில் குறை இருந்தாலும் வெளியே தெரியும் அறிகுறி ஏறத்தாழ ஒன்றாகவே இருக்கும்.

பின்னணி

வணிக அளவில் வெற்றி பெற்ற முதல் வெளிப்பொருத்துப் பொறியை அமெரிக்காவில் ஓலே எவின்ரூட் 1909 ஆம் ஆண்டளவில் உருவாக்கினார். தமிழகக் கடற்கரையில் கட்டுமரங்களுக்கும் சிறு படகுகளுக்கும் பொறி பொருத்தும் வழக்கம் 1980களுக்குப் பின் பரவியது. 2004 டிசம்பர் ஆழிப்பேரலைக்குப் பிறகு கட்டுமரங்களின் இடத்தைப் பெருமளவில் கண்ணாடியிழைப் படகுகள் பிடித்துக்கொண்டன.

சென்னைக்குத் தெற்கே நீலாங்கரை, ஈஞ்சம்பாக்கம், பனையூர், கானத்தூர், கோவளம் வரையிலான குப்பங்களில் படகுகள் மணற்கரையிலிருந்தே கடலில் இறக்கப்படுகின்றன. அலை உடையும் பகுதியைப் படகு நேராகவும் விரைவாகவும் கடந்தாக வேண்டும். அங்கே பொறி தளர்ந்தால் படகு அலைக்குப் பக்கவாட்டில் திரும்பிக் கவிழ நேரிடும். ஆழ்கடலில் வெறும் தொல்லையாக இருக்கும் குறை, கரையோரத்தில் உயிருக்கே ஆபத்தாகிவிடுகிறது.

தாம்பரம் கடலோர ஊரன்று. ஆயினும் 2015 டிசம்பர் முதல் நாட்களில் பெய்த பெருமழையில் (தாம்பரத்தில் ஒரே நாளில் சுமார் 49 செ.மீ. பதிவானது) அடையாறு பெருகி, முடிச்சூர், வரதராஜபுரம் பகுதிகள் மூழ்கின. அப்போது மீட்புப் படையினரின் காற்றடைத்த படகுகளோடு மீனவர்களின் படகுகளும் சென்னையின் தெருக்களில் இயங்கின. 2023 டிசம்பரில் மிக்சாங் புயலின்போதும் புறநகரில் படகுகள் தேவைப்பட்டன. கடலுக்கென அமைந்த பொறிக்குத் தெருவெள்ளம் புதிய சூழல். நெகிழிப் பைகளும், துணிகளும், ஏரிகளிலிருந்து அடித்துவரும் ஆகாயத்தாமரையும் அங்கே பொறியின் எதிரிகள்.

முதற் கேள்வி

திறன் குறைந்தவுடன் பலரும் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றத் தொடங்குவர். அதற்கு முன் காதால் அறியவேண்டியது ஒன்று உண்டு: பொறியின் சுழற்சி வேகம் குறைந்துள்ளதா, அல்லது சுழற்சி கூடியிருந்தும் படகு மட்டும் மெதுவாகச் செல்கிறதா? சுழற்சி குறைந்திருந்தால் பொறி போதிய ஆற்றலை உண்டாக்கவில்லை, அல்லது அதன் மீது சுமை கூடியுள்ளது. சுழற்சி கூடியும் படகு நகராவிடில் ஆற்றல் உண்டாகிறது, நீரைச் சென்றடையவில்லை. இந்த ஒரு வேறுபாடு தேடலின் பாதியைக் குறைத்துவிடும்.

சுழற்சி கூடி வேகம் குறைதல்

உந்துசுழலியின் (ப்ரொப்பல்லர்) நடுக்குடத்தினுள் பல பொறிகளில் ஒரு ரப்பர் உறை உண்டு. சுழலி கல்லிலோ மணல்திட்டிலோ மோதும்போது பற்சக்கரங்கள் உடையாமல் காப்பதே அதன் வேலை. நாளடைவில் அது பிடிப்பை இழந்து வழுக்கும். குறைந்த வேகத்தில் படகு ஒழுங்காகச் சென்று, முழு விசை கொடுத்ததும் பொறி அலறினால் இதை ஐயுறலாம். குடத்தின் உட்பகுதிக்கும் வெளிப்பகுதிக்கும் குறுக்கே ஒரு கோடு கீறி, ஓட்டிப் பார்த்து, கோடு விலகியுள்ளதா என நோக்குவது எளிய சோதனை. முட்டுக்காட்டு முகத்துவாரம் போல மணல் அடிக்கடி மேடிடும் இடங்களில் இப்பழுது எதிர்பார்க்கத்தக்கதே. சில சிறு பொறிகளில் ரப்பருக்குப் பதிலாக உடையத்தக்க ஓர் ஊசி இருக்கும். அது முறிந்தால் படகு அறவே நகராது.

பொறி அதிக உயரத்தில் பொருத்தப்பட்டிருந்தால் சுழலி மேற்பரப்புக் காற்றை இழுத்துக்கொள்ளும். சுழலிக்கு மேலுள்ள தட்டையான தகடு படகின் அடிப்பகுதிக்கு ஏறத்தாழ இணையாக அமைவது பொதுவிதி.

எரிபொருள்

சுழற்சி குறைந்திருந்தால் முதலில் நோக்கவேண்டியது எரிபொருள் வழியாகும். எரிபொருள் குழாயின் இடையே கையால் அழுத்தும் ரப்பர்க் குமிழ் ஒன்று உள்ளது. பொறி தளரும் நேரத்தில் அதை அழுத்தியவுடன் வேகம் மீண்டால், பொறியின் எரிபொருள் எக்கியோ அதற்கு முந்தைய வழியோ குறையுடையது. குமிழ் தானே சப்பி ஒட்டிக்கொண்டால் கலனுக்கும் குமிழுக்கும் இடையே அடைப்பு உள்ளது. கலன் மூடியின் காற்றுத் திருகைத் திறக்க மறந்ததே பெரும்பாலும் காரணமாக இருக்கும். எத்தனை முறை அழுத்தியும் குமிழ் இறுகாவிடில் காற்றுக் கசிவை ஐயுறலாம்.

தமிழக மீனவர் பலர் பயன்படுத்தும் பொறிகள் பெட்ரோலில் தொடங்கி மண்ணெண்ணெயில் ஓடுபவை. இத்தகைய படகுகளுக்கு மாநில அரசு மண்ணெண்ணெயை மானிய விலையில் வழங்கி வந்துள்ளது. மண்ணெண்ணெய் எளிதில் ஆவியாகாது. பொறி நன்கு சூடாகும் முன் அதற்கு மாற்றினால் எரியாத துளிகள் ஸ்பார்க் பிளக்கை நனைத்துக் கரி படியச் செய்யும். நிறுத்துவதற்குச் சில நிமிடங்கள் முன்பே மீண்டும் பெட்ரோலுக்கு மாற்றாவிடில், கார்புரேட்டரில் தங்கிய மண்ணெண்ணெய் மறுநாள் தொடக்கத்தைக் கெடுக்கும். வலை இழுக்கும்போது நெடுநேரம் மெதுவாக ஓட்டுவதும் இதே விளைவைத் தரும். பழுது என்று பணிமனைக்கு வருவனவற்றுள் சில உண்மையில் இப்பழக்கத்தின் விளைவுகளே.

பெட்ரோலிலும் சிக்கல் உண்டு. இந்தியாவில் பெட்ரோலோடு எத்தனால் கலக்கும் அளவு 2022 இல் 10 விழுக்காட்டையும் 2025 இல் 20 விழுக்காட்டையும் எட்டியது. எத்தனால் ஈரத்தை ஈர்க்கும். நீர் மிகுந்தால் நீரும் எத்தனாலும் சேர்ந்து கலனின் அடியில் தனியாகப் பிரியும். கடற்காற்றில் பாதி நிரம்பிய கலனை வாரக்கணக்கில் வைத்திருப்பது நல்லதன்று. ஐயமிருப்பின் சிறிதளவைக் கண்ணாடிக் குப்பியில் வடித்து வைத்துப் பார்த்தால் அடியில் தங்கும் அடுக்கு தெரியும்.

தீப்பொறியும் அமுக்கமும்

இரு உருளைப் பொறியில் ஒன்று செயலிழந்தால் பொறி நிற்காது. அதிர்வோடு தளர்ந்து ஓடும். ஒவ்வோர் உருளையின் தீப்பொறியையும் மாறிமாறித் துண்டித்து நோக்கினால், எதைத் துண்டிக்கும்போது சுழற்சி மாறவில்லையோ அதுவே பழுதான உருளை. துண்டித்த கம்பியை அந்தரத்தில் விடாமல் பொறியின் உலோகத்தோடு இணைக்கவேண்டும். தவறினால் மின்னணுப் பற்றவைப்புச் சுற்று கெடும். பிளக்கின் முனை இளம்பழுப்பாக இருந்தால் எரிதல் சரி. கருமையும் ஈரமும் எண்ணெய் மிகுதியையோ ஆவியாகாத எரிபொருளையோ காட்டும். வெண்மை மிகு வெப்பத்தின் அடையாளம். உப்பு படிந்த மின் இணைப்புகளைத் துடைப்பதாலேயே பல பொறிகள் சரியாவதுண்டு.

தீப்பொறியும் எரிபொருளும் சரியாயிருந்தும் திறன் மீளாவிடில் அமுக்கத்தை அளக்கவேண்டும். உருளைகளுக்கிடையே பெரிய வேறுபாடு இருப்பின் பிஸ்டன் வளையங்களோ அடைப்புத் தகடோ தேய்ந்துள்ளன. இது பணிமனைக்குரிய வேலை.

குளிர்விப்பு

பொறி ஓடும்போது பக்கவாட்டில் மெல்லிய நீர்த்தாரை பீச்சவேண்டும். தாரை மெலிந்தாலோ ஆவி கலந்து வந்தாலோ உடனே நிறுத்துவதே முறை. சில நவீன பொறிகள் மிகு வெப்பத்தில் தாமே சுழற்சியைக் குறைத்துக்கொள்ளும். அதைத் திறன் இழப்பு எனக் கருதி மேலும் விசை கொடுப்பது பிஸ்டனை இறுகச் செய்துவிடும். நீரை எக்கும் ரப்பர்ச் சக்கரத்தை அலையோர மணல் விரைவில் அரிக்கும் என்பதால் ஆண்டுக்கொருமுறை மாற்றுவர். தெருவெள்ளத்தில் நீர் உறிஞ்சும் துளைகளை நெகிழிப்பை மூடிக்கொள்வதால், மீட்புப் பணியில் நீர்த்தாரையின் மீது எப்போதும் ஒரு கண் இருப்பது அவசியம்.

படகும் பருவமும்

குறை பொறியில் இல்லாமலும் இருக்கலாம். கண்ணாடியிழைப் படகின் உட்குழிவில் விரிசல் வழியே நீர் புகுந்தால் எடை சத்தமின்றிக் கூடும். நீரிலேயே கட்டி வைக்கப்படும் படகின் அடியில் கொட்டலசுகள் ஒட்டி வேகத்தைக் குறைக்கும். அன்றாடம் கரையேற்றப்படும் குப்பத்துப் படகுகளுக்கு இத்தொல்லை குறைவு. சுழலித் தண்டில் சுற்றிய வலை நரம்பும் சுமையைக் கூட்டும். மே மாத 40 பாகை வெப்பத்தில் காற்றின் அடர்த்தி 25 பாகையில் இருப்பதை விட ஏறத்தாழ 5 விழுக்காடு குறைவு என்பதால் பழுதற்ற பொறியும் சற்றுத் தளர்ந்தே ஓடும்.

நீரில் மூழ்கிய பொறி

படகு கவிழ்ந்து பொறி உப்புநீரில் மூழ்கினால், வெளியே எடுத்தபின் காற்றில் நெடுநேரம் விடக்கூடாது. அரிப்பு சில மணி நேரத்திலேயே தொடங்கும். நன்னீரால் கழுவி, பிளக்குகளைக் கழற்றி, துளைகள் கீழ்நோக்குமாறு சாய்த்துக் கையால் சுழற்றி நீரை வெளியேற்றவேண்டும். சுழலும்போது உராய்வோ தடையோ தென்பட்டால் மணல் புகுந்திருக்கலாம்; அப்பொறியை இயக்காமல் பிரித்துத் துப்புரவு செய்யவேண்டும். தடையின்றிச் சுழன்றால் கார்புரேட்டரையும் எரிபொருள் வழியையும் வடித்து, உருளைகளில் சிறிது எண்ணெய் விட்டு, அன்றே அரைமணி நேரமாவது நீர் வழங்கி ஓட்டுவர்.